ஆகஸ்டில் திறந்து பிப்ரவரியில் மூடும் விரிசல்

கேள்வி: ஐயா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலில் இருக்கிறோம். அப்பா 1971-இல் கட்டிய வீடு. செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, மாடி கிடையாது. பின்பக்கப் படுக்கையறை சன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல். ஆகஸ்டில் அதில் பென்சில் நுழைகிறது, பிப்ரவரியில் தாள்கூட நுழைவதில்லை. மேலே அகலமாகவும் கீழே வரவரக் குறுகியும் இருக்கிறது. அந்த அறைக் கதவும் குளிர்காலத்தில் மாட்டிக்கொள்கிறது. அதே சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு பெயின்ட் உரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. இரண்டு கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒருவர், மூலையில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டி அஸ்திவாரத்துக்குக் கீழே கான்கிரீட் தாங்கல் கொடுத்தால்தான் வீடு நிற்கும் என்கிறார். இன்னொருவர், விரிசலை அடைத்து உள்ளும் புறமும் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும், பத்து வருடம் கேரன்டி என்கிறார். இருவருமே பின்னால் நிற்கும் சிரிங்கா மரத்தை உடனே வெட்டச் சொல்கிறார்கள். அது என் தம்பி பிறந்த 1974-இல் அம்மா வைத்த மரம். வேப்பிலைக்குப் பதிலாக மாரியம்மன் பூசைக்கு அந்த இலையைத்தான் எடுப்போம். அம்மாவுக்கு 82 வயது, மரத்தைத் தொடவே கூடாது என்கிறார். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பியோ பெயின்ட் அடித்து வீட்டை விற்றுவிடு என்கிறான். வீடு விழுந்துவிடுமா? நாங்கள் எதைச் செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் எழுதியதைச் சுருக்கி மேலே கொடுத்திருக்கிறேன். உங்கள் ஒன்பது படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அவற்றைப் பார்த்தவரை, வீடு விழும் நிலையில் இல்லை. இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்கள். விரிசல் 15 மி.மீ.-ஐத் தாண்டினால், சுவர் வெளிப்பக்கமாக வயிறு தள்ளினால், சன்னல் மேலுள்ள லின்டல் இறங்கினால், கூரைக்கட்டை சுவரை விட்டு விலகினால் மட்டும் காத்திருக்காமல் ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டுவிடுங்கள். இப்போது அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்டில் திறக்கிறது, பிப்ரவரியில் மூடுகிறது என்று எழுதினீர்களே, நோய் என்ன என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அஸ்திவாரம் உளுத்துப் போயிருந்தால் விரிசல் ஒரே பக்கமாகத்தான் போகும், வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே இருக்கும். இங்கே ஆகஸ்ட் மழையில்லாத குளிர்காலம், பிப்ரவரி மழைக்காலம். உங்கள் விரிசல் அந்தப் பருவத்தோடு போய்ப் போய் வருகிறது. அதாவது அசைவது மண். வீடு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு கூடவே அசைகிறது.

நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவன். சித்திரை மாதம் அங்கே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கன்றுக்குட்டியின் கால் உள்ளே போய்விடும். ஐப்பசி மழை இறங்கினால் பத்து நாளில் அத்தனை வெடிப்பும் மூடி, நிலம் உப்பலாக எழும்பி நிற்கும். கரிசலை வழித்துவிட்டுச் சரளை போடாமல் எங்கள் ஊர்க் கொத்தனார் கடைக்கால் எடுக்கமாட்டார். முப்பது வருடத்துக்கு முன் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்து, ஒரு குழியில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்தபோது, இங்கேயும் அதே சமாச்சாரம்தான் என்று தெரிந்தது. இங்கே அதை டர்ஃப் என்கிறார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பெரும்பகுதி ஷேல் என்னும் களிப்பாறை மேல் நிற்கிறது. புவியியல் படங்களில் அந்தப் பாறை அடுக்குக்கே இந்த ஊரின் பெயர்தான். இடையிடையே டாலரைட் என்ற கரும்பாறை ஊடுருவியிருக்கிறது. ஷேல் மக்கினால் மஞ்சளும் பழுப்புமான களிமண் ஆகும், டாலரைட் மக்கினால் சில இடங்களில் கரிசல் போன்ற கருங்களி ஆகும். இந்தக் களியின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். தண்ணீர் கிடைத்தால் தகடுகளுக்கு இடையே இழுத்துக்கொண்டு ஊதும், காய்ந்தால் சுருங்கும். மாடி இல்லாத வீட்டுச் சுவர், கூரையோடு சேர்த்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 3 டன் எடைதான் இருக்கும். அந்தக் காலத்து அஸ்திவாரம் பெரும்பாலும் 2 அடி அகலம். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு அதிகம் போனால் 5 டன் அளவுக்குத்தான் மண்ணை அழுத்துகிறது. நன்றாக ஊதும் களி, தடுத்துப் பிடித்தால், சதுர மீட்டருக்கு 10 டன்னுக்கு மேலேயும் முட்டும். அப்படிப்பட்ட மண்ணில் வீட்டை மண்தான் தூக்குகிறது, மண்தான் இறக்குகிறது.

வீடு மொத்தமும் ஒரே சீராக ஏறி இறங்கினால் ஒரு கீறலும் விழாது. வீட்டு நடுவில் தளம் மூடியிருப்பதால் அடி மண்ணின் ஈரம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஓரத்து மண் வெளியே தெரிகிறது. மே முதல் ஆகஸ்ட் வரை மழை இல்லாமல், போதாக்குறைக்கு மலையிலிருந்து இறங்கும் பெர்க் காற்றும் சூடாக அடித்து, ஓரம் காய்ந்து சுருங்குகிறது. மூலை இறங்குகிறது, நடு நின்றுவிடுகிறது. மூலை இறங்கினால் விரிசல் மேலே அகலமாகத் திறக்கும். ஓரம் ஊதித் தூக்கினால் கீழே அகலமாகத் திறக்கும். உங்களுடையது மேலேதான் அகலம். ஆக, பின்மூலை குளிர்காலத்தில் இறங்குகிறது. அந்த மூலையில்தான் மரமும் நிற்கிறது என்று படம் சொல்கிறது.

சரி, முதல் கான்ட்ராக்டர் சொன்ன தாங்கல். அஸ்திவாரத்துக்கு அடியில் குழி எடுத்து கான்கிரீட் போடுவது உண்மையான வைத்தியம்தான். ஆனால் எல்லா நோய்க்கும் அது மருந்தல்ல. அசையாத மண் வரைக்கும் போனால்தான் அதற்கு அர்த்தம். களிமண்ணில் பருவத்துக்குப் பருவம் அசையும் ஆழம் இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் பல மீட்டர் போகும். அவர் சொல்வதோ ஒரு மீட்டர். அதிலும் ஒரே ஒரு மூலைக்கு மட்டும். அந்த மூலை கெட்டியாக நின்றுகொள்ளும், மற்ற மூன்று மூலைகளும் வழக்கம்போல ஏறி இறங்கும். இப்போது சன்னலில் இருக்கும் விரிசல் அடுத்த வருடம் கூடத்துக்குப் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் தாங்கல் கொடுத்துக் கெட்டுப்போன வீடுகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாளைக்கு உண்மையாகவே தாங்கல் தேவைப்பட்டால், முழு வீட்டையும் கணக்கில் எடுத்து இன்ஜினியர் வரைபடம் போட்டு, நகராட்சி அனுமதி வாங்கித்தான் செய்யவேண்டும். ஒரு மீட்டர் சொச்சம் நீளத்துக்கு ஒரு குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகியபிறகுதான் தள்ளி இருக்கும் அடுத்த குழி. பக்கத்துப் பக்கத்துக் குழிகளை ஒன்றாகத் திறக்கிற ஆளை வேலையில் வைக்காதீர்கள், சுவர் தலைமேல் வந்துவிடும்.

இரண்டாவது கான்ட்ராக்டர் சொன்னதைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்லவேண்டும். உங்கள் சுவரில் இரண்டு தனித்தனி நோய்கள். ஒன்று மண் அசைவதால் வரும் விரிசல். இன்னொன்று ஓதம். தரை ஈரம் செங்கல் வழியே விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறுவது. ஏறுகிற தண்ணீர் மண்ணிலுள்ள உப்பையும் கொண்டுவருகிறது, காற்றுப் படும் இடத்தில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் வெள்ளையாக நிற்கிறது. உள்ளும் புறமும் தண்ணீர் புகாத பெயின்ட் அடித்தால் அந்தத் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருக்கும் உப்பு இடுப்பு உயரத்தில் பூக்கும், பெயின்ட் கொப்புளித்து, பூச்சைப் பிய்த்துக்கொண்டு விழும். பத்து வருட கேரன்டி பெரும்பாலும் பெயின்டுக்குத்தான் இருக்கும், சுவருக்கு இருக்காது. தாளை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றுதான்: தண்ணீர். ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு. வீட்டைச் சுற்றி வருடம் முழுக்க ஈரம் ஒரே சீராக இருக்கும்படி செய்துவிட்டால் களிமண் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதனால் என் யோசனை: பணத்தை முதலில் தண்ணீரில் போடுங்கள், சுவரில் அப்புறம் போடலாம். அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

நோட்டு எதற்கு என்றால், அளக்காமல் செலவு செய்யக்கூடாது. விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என மூன்று சின்ன ஸ்க்ரூக்களை முக்கோணமாக முடுக்குங்கள். ஹார்டுவேர் கடையில் டிஜிட்டல் காலிப்பர் கிடைக்கும். மாதம் முதல் தேதி மூன்று ஸ்க்ரூக்களுக்கும் இடையே உள்ள தூரங்களை அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். அந்த மாதம் மழை எப்படி, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டீர்களா, இதையும் ஒரு வரி எழுதுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டத்தை வைத்து, வெளிச்சுவரில் ஒரே செங்கல் வரிசையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால் எந்த மூலை எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை வருடத்தில் இரண்டு தரம் எடுங்கள், மார்ச் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும். பன்னிரண்டு மாதக் கணக்கு கையில் இருந்தால் எந்த இன்ஜினியரும் உங்களைக் கும்பிட்டு உள்ளே அழைப்பார். அது இல்லாமல் வருகிறவர் அன்றைக்குக் கண்ணில் பட்டதைத்தான் சொல்ல முடியும்.

மண்ணையும் ஒரு தரம் கையில் எடுத்துப் பாருங்கள். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, முழங்கை முழுதும் போகிற ஆழத்துக்கு ஒரு குழி. களிக்கட்டி ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளங்கள், வெட்டாதீர்கள். பிளந்த முகம் நகத்தால் தேய்த்து மெருகு ஏற்றினதுபோல வழவழவென்று மின்னினால், அந்த மண் பல வருடமாக ஊதிச் சுருங்கி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு கொஞ்சம் ஈரப்படுத்தி உள்ளங்கையில் வைத்து நூலாக உருட்டுங்கள். 3 மி.மீ. கனத்துக்கும் கீழே, முறுக்கு பிழிவதுபோல ஒடியாமல் நீண்டுகொண்டே போனால் களி வலுவானது. இது வீட்டுச் சோதனைதான். ஆய்வகத்தில் இதையே எண்ணாகக் கொடுப்பார்கள். களியின் பங்கையும் குழைவுத்தன்மையையும் வைத்து மண் எவ்வளவு ஊதும் என்று கணிக்கும் முறையை 1964-இல் வெளியிட்ட வான் டெர் மெர்வே இந்த நாட்டுக்காரர்தான், இன்றும் இங்கே அவருடைய வரைபடத்தைத்தான் விரிக்கிறோம். வீடு கட்டுநர் பதிவு மன்றமான என்ஹெச்பிஆர்சி இத்தகைய மண்ணை எச், எச்1, எச்2, எச்3 என்று பிரிக்கிறது. தரை அசைவு 7.5 மி.மீ.க்குள் என்றால் எச், 15 வரை எச்1, 30 வரை எச்2, அதற்கு மேல் எச்3. 1971-இல் உங்கள் அப்பாவுக்கு இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் மேல் குறை இல்லை. அந்த மன்றத்தின் கேரன்டி புது வீட்டுக்கு ஐந்து வருடம்தான், உங்களுக்கு அது உதவாது. இன்ஷூரன்ஸ் பாலிசியை மட்டும் எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் களிமண் ஊதிச் சுருங்கி வரும் சேதத்தைத் தனியாக எழுதி விலக்கியிருப்பார்கள்.

இனி தண்ணீர். உங்கள் நாலாவது படத்தைப் பாருங்கள். சன்னலுக்கு வலப்பக்கம், சுவரிலிருந்து ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே சிமென்டில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது, பாசியின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. அது கீசரின் அழுத்த வால்வு சொட்டும் குழாய். சூடேறும்போது கொஞ்சம் சொட்டுவது இயல்பு, ஆனால் சிமென்டில் குழி விழுகிற அளவுக்குச் சொட்டினால் வால்வு கெட்டிருக்கிறது. வருடக்கணக்கில் அந்த ஓர் இடத்து அஸ்திவாரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அதே சுவரின் ஒரு முனையில் கீசர் நனைக்கிறது, மறுமுனையில் மரம் உறிஞ்சுகிறது. விரிசல் இரண்டுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. இரண்டு கான்ட்ராக்டர்கள் அதே சுவருக்கு முன் நின்று விலை சொல்லியிருக்கிறார்கள், ஒருவர்கூட அந்தப் பாசியைக் காட்டவில்லை.

பிளம்பரைக் கூப்பிட்டு வால்வை மாற்றச் சொல்லி, குழாயை நீட்டி வடிகாலில் விடச் சொல்லுங்கள். குழாயை மூடிவிட மட்டும் விடாதீர்கள், கீசர் வெடிக்கும் ஆபத்து. அன்றைக்கே கழிவுக் குழாய்களையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து சுட்டமண் குழாய்கள் துண்டு துண்டாக இணைத்தவை. மண் அசையும்போது இணைப்பு விட்டுவிடும், வேர் உள்ளே புகுந்துவிடும், கசிவு யாருக்கும் தெரியாமல் மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். குடிநீர்க் குழாய் கசிகிறதா என்று நீங்களே பார்க்கலாம். எல்லோரும் படுத்தபிறகு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஓடுகிறது.

கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே முடிகிறது. அதை நீட்டி, குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். சாக்கடைக் குழாயில் விடக்கூடாது, நகராட்சி விதி அனுமதிக்காது. ஜோஜோ டேங்க் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால் அது வழிகிற இடத்தையும் கவனியுங்கள்.

சுவரை ஒட்டி சாமந்திப் பாத்தியும் துளசியும் இருக்கின்றன. தினமும் தண்ணீர் விடுவீர்கள், தெரியும். அவற்றை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துவிடுங்கள். பாத்தி இருந்த இடத்தில் வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு கான்கிரீட் ஏப்ரான், அதாவது நடைபாதைபோல ஒரு பட்டை, போடவேண்டும். இந்த வேலையை எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் களிமண் வீட்டுக்கு இதைவிடப் பெரிய நன்மை செய்யும் வேலை இல்லை. ஓரத்து மண்ணை மூடி, வெயிலும் மழையும் நேராகப் படாமல், நடு மண்ணைப்போல அதையும் ஆக்கிவிடுகிறது. அடியில் 250 மைக்ரான் பிளாஸ்டிக் தாள், மேலே கான்கிரீட், வெளிப்பக்கம் ஒன்றரை மீட்டருக்கு 7 செ.மீ. சரிவு. சுவரோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். சுவருக்கும் ஏப்ரானுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விட்டு, இழுபடும் பாலியூரிதேன் சீலன்ட் நிரப்பவேண்டும். இரண்டு மீட்டருக்கு ஒரு வெட்டு. வெட்டிலும் அதே சீலன்ட்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆகஸ்டில், மண் வெடித்துக் கிடக்கும்போது போடாதீர்கள். காய்ந்த களியை மூடினால் அது மெல்ல மெல்ல ஈரம் இழுத்து உள்ளேயே ஊதி ஏப்ரானையும் சுவரையும் சேர்த்துத் தூக்கும். மழை முழுக்க ஊறிய ஜனவரியும் வேண்டாம். ஏப்ரல் கடைசி, மே தொடக்கம், மண் நடுத்தர ஈரத்தில் இருக்கும். அப்போது போடுங்கள்.

உங்கள் மனை பின்பக்கம் மேடு. மழையில் மேலேயிருந்து மண்ணுக்குள்ளேயே தண்ணீர் இறங்கிவரும். அதைத் தடுக்க ஒரு ஜல்லிக் கால்வாய் வேண்டும். வழக்கமாக அதைச் சுவரை ஒட்டிப் போட்டுவிடுவார்கள். களிமண்ணில் அது தண்ணீரை அஸ்திவாரத்துக்கு அழைத்துவருவதுபோல ஆகிவிடும். வீட்டிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி, மேட்டுப்பக்கம், குறுக்கே ஒரு கால்வாய் தோண்டி, அடியிலும் வீட்டுப்பக்கத்திலும் பிளாஸ்டிக் தாள், உள்ளே ஜியோடெக்ஸ்டைல் துணி, 110 மி.மீ. துளைக்குழாய், சுற்றி ஜல்லி. நூறு அடிக்கு ஓரடி சரிவு, முடிவு மழைநீர் வடிகாலில்.

மரத்துக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படியுங்கள், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் இங்கே வந்த புதிதில் லேடிஸ்மித் பக்கம் ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார். விரிசல், பக்கத்தில் பெரிய யூகலிப்டஸ். மரம் தண்ணீரை உறிஞ்சுகிறது, வெட்டிவிடுங்கள் என்றேன். வெட்டினார்கள். இரண்டு மழைக்காலத்துக்குள் கூடத்துத் தரை நடுவில் இரண்டு விரல் உயரத்துக்குமேல் தூக்கிவிட்டது, உள்சுவர் இரண்டு பிளந்தது. அந்த மரம் வீட்டுக்கு ரொம்பக் காலம் முந்தையது. வேர் உறிஞ்சிச் சுருங்கிப்போன மண்ணின்மேல்தான் அந்த வீட்டையே கட்டியிருந்தார்கள். மரம் போனதும் மண் தன் பழைய அளவுக்கு ஊதியது. அந்தக் குடும்பம் அடைந்த கஷ்டத்துக்கு என் ஒரு வார்த்தை காரணம். அதற்குப் பிறகு யாரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, வீடு முந்தியா, மரம் முந்தியா என்பதுதான்.

உங்கள் வீடு 1971, மரம் 1974. மரம் இளையது. ஆகவே வெட்டினாலும் மண் வீடு கட்டியபோது இருந்த அளவுக்குத்தான் திரும்பும், லேடிஸ்மித் வீட்டுக்கு வந்த கதி உங்களுக்கு வராது. ஆனாலும் ஒரே நாளில் வெட்டினால் அந்த மூலை வேகமாகத் தூக்கும், அதுவும் ஒரு புது விரிசல். உடனே வெட்ட வேண்டிய அவசரமும் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு தரம். இலை குறைந்தால் மரம் குடிக்கும் தண்ணீரும் குறையும். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஓர் அகழி எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் வேர்த்தடுப்பு இறக்கலாம். ஆனால் பெரிய வேர்களை வெட்டினால் மரம் சாயும் ஆபத்து உண்டு, மரம் தெரிந்த ஆள் பார்த்தபிறகுதான் அது. ஒரு வருடக் கணக்கு அந்த மூலை இன்னும் இறங்குகிறது என்று சொன்னால், அப்போது மரத்தைப் பற்றி முடிவெடுக்கலாம். அதுவரை அம்மா பூசைக்கு இலை பறிக்கட்டும். ஒன்று மட்டும்: சிரிங்கா இந்த நாட்டின் அயல்படர் தாவரப் பட்டியலில் உள்ள மரம். அதன் கன்றை வேறிடத்தில் நட நினைக்காதீர்கள்.

ஓதத்துக்கு வருவோம். சுவரில் தரைக்கு மேலே ஒரு வரிசையில் ஈரத்தடுப்புத் தாள், கொத்தனார்கள் டிபிசி என்பது, இருக்கவேண்டும். அது வெளித்தரைக்குக் குறைந்தது 150 மி.மீ. மேலே நிற்கவேண்டும். உங்கள் ஏழாவது படத்தில் காற்றுத்துளைச் செங்கல் பாதி புதைந்திருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு யாரோ பழைய சிமென்ட் தரை மேலேயே புது பேவிங் போட்டிருக்கிறார்கள், ஒரு தரமோ இரண்டு தரமோ. தாள் மண்ணுக்குக் கீழே போய்விட்டது, ஈரம் அதைத் தாண்டி ஏறுகிறது. ஆகவே ஏப்ரான் போடும்போது பழைய அடுக்குகளைப் பெயர்த்து, தரையைப் பழைய மட்டத்துக்கு இறக்கிவிட்டுப் போடுங்கள். பாதி ஓதம் அதிலேயே அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

உப்புப் பூத்த பூச்சை, உப்புத் தெரியும் கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி விட்டு, செங்கல் தெரிய உரித்துவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளே போய்விடும். சுவர் காய ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுவர் ஒன்பது அங்குலம், ஆக ஒன்பது மாதம். அதுவரை அறை பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா அந்த அறையில் படுக்கிறார் என்றால் வேறு அறைக்கு மாற்றுங்கள், ஈரச் சுவரின் பூஞ்சை அந்த வயதில் மூச்சுக்கு ஆகாது. காய்ந்த பிறகும் ஈரம் ஏறினால், அடி வரிசைக் கலவையில் 12 மி.மீ. துளைகளை 12 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டு தண்ணீரை ஏறவிடாத சிலேன் கிரீம் செலுத்தலாம், அது நன்றாக வேலை செய்யும். மறுபூச்சுக்கு ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சுண்ணாம்பு கலந்த பூச்சு மூச்சு விடும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். ஜிப்சம் வேண்டாம். மேலே காற்றுப் போகிற பெயின்ட்.

விரிசலைக் கடைசியில் தொடுங்கள், ஒரு வருட அளவு கைக்கு வந்த பிறகு. அதுவரை மழை உள்ளே வராமல் இழுபடும் சீலன்டை வெளிப்பக்கம் மட்டும் நிரப்பி வையுங்கள், விரிசல் பாதி திறந்திருக்கும் மே மாதத்தில். சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். ஆகஸ்டில் அடைத்த சிமென்ட் பிப்ரவரியில் மூட இடமில்லாமல் பக்கத்துச் செங்கலை உடைக்கும். வருட அசைவு 1, 2 மி.மீ.க்குள் அடங்கிவிட்டால், நாலு வரிசைக்கு ஒன்றாகக் கலவையைச் சுரண்டி, விரிசலுக்கு இருபுறமும் அரை மீட்டர் போகிற 6 மி.மீ. முறுக்குக் கம்பி, துருப்பிடிக்காத எஃகு, வைத்து கிரவுட் என்ற சிமென்ட் கூழ் நிரப்பித் தைத்துவிடலாம். அடங்காமல் அசைந்துகொண்டே இருந்தால் தைக்கக்கூடாது, தைத்த இடத்துக்குப் பக்கத்தில் கிழியும். அப்போது அந்த இடத்திலேயே சுவரை நேர்கோடாக மேலிருந்து கீழே அறுத்து, இணைப்பு இடைவெளியாக வைத்து, சீலன்ட் நிரப்பி, ஒரு பட்டை போட்டு மறைத்துவிடலாம். ஊதும் களியில் வீட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டும் முறை இந்த நாட்டில் பல காலமாக உண்டு. விரிசல் எங்கே வேண்டும் என்று சுவரே காட்டிவிட்டது, அதை ஒழுங்குபடுத்துகிறோம், அவ்வளவுதான்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரி முதல், ஏஜென்ட் மூலம் வீட்டை விற்கிறவர்கள் தமக்குத் தெரிந்த குறைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். பெயின்ட் அடித்து மறைத்து விற்றால் பின்னால் வழக்கு வரும், வாங்குகிற குடும்பமும் உங்களைப்போலவே அவதிப்படும். அதைவிட, ஏப்ரானும் வடிகாலும் போட்டு, ஒரு வருட நோட்டுப் புத்தகத்தோடு வீட்டைக் காட்டினால் விலையும் நியாயமாக வரும். விற்க மனம் இருந்தால் அப்படி விற்கட்டும்.

உள்ளூரில் இன்ஜினியரைத் தேடும்போது தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். வேலை எடுக்கும் கான்ட்ராக்டர் சிபாரிசு செய்கிறவர் வேண்டாம், நீங்களே தனியாகப் பணம் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

இந்த வாரமே பிளம்பரைக் கூப்பிட்டு அந்தக் கீசர் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூக்களை முடுக்கி முதல் அளவை எடுத்ததும் எனக்கு எழுதுங்கள். செப்டம்பர் அளவையும் அனுப்புங்கள், இரண்டையும் வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.